அழுத்தினேன், ஏன் குதிக்கவில்லை?

பழைய பாணி வீடியோ கேம்களைக் கணினியில் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது இப்படிச் சொல்லியிருப்பார்கள்: "நான் சரியாத்தான் அழுத்தினேன், அதுதான் குதிக்கலை." பக்கத்தில் இருப்பவர் நம்பமாட்டார். தோற்றவர் சொல்லும் சாக்கு என்று எடுத்துக்கொள்வார். ஆனால் அந்தப் புகாரில் பல நேரம் உண்மை இருக்கிறது. ஆள், கேம், கணினி எதுவும் மாறாமல் கேம்பேடை மட்டும் மாற்றிக் கொடுத்தால், அதுவரை தாண்ட முடியாத குழியை அவரே தாண்டிவிடுவதுண்டு. இன்னும் வியப்பானது, அதிர்வு மோட்டார், அழுத்தத்தின் அளவை உணரும் விசைகள், தேயாத காந்த உணரிகள் என்று எல்லாம் வைத்த விலையுயர்ந்த கேம்பேடில் விழுந்துகொண்டே இருப்பவர், 1990-களின் வடிவத்தில் செய்த எளிய கேம்பேடில் தேறிவிடுவது. வசதி கூடினால் ஆட்டமும் எளிதாக வேண்டும் அல்லவா? ஏன் தலைகீழாக நடக்கிறது?

விரல் அழுத்துவதற்கும் திரையில் மரியோ அசைவதற்கும் இடையில் இரண்டு வகைப் பிழைகள் நேரலாம். அழுத்தியது தாமதமாகப் போய்ச் சேரலாம். இதைத் தாமதப் பிழை என்போம். அல்லது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தும், நாம் நினைத்த திசையாக இல்லாமல் வேறொன்றாகச் சேரலாம். இது திசைப் பிழை. விளம்பரங்களும் அட்டைப்பெட்டிகளும் முதல் பிழையைப் பற்றியே பேசுகின்றன. பழைய பாணி கேம்களுக்குக் கேம்பேடு வாங்குகிறவர் கவலைப்பட வேண்டியது இரண்டாவதைப் பற்றி என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

எட்டே கேள்விகள்

1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் கேசட் செருகி டிவியில் ஆடிய 'வீடியோ கேம் செட்'கள் பெரும்பாலும் இதன் நகல்கள்தான். அதன் கேம்பேடில் மேல், கீழ், இடம், வலம், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என எட்டு விசைகள். கருவி ஒவ்வொரு விசையையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கும்: அழுத்தப்பட்டிருக்கிறதா, இல்லையா? எவ்வளவு பலமாக, எந்தக் கோணத்தில் என்றெல்லாம் கேட்காது. கேட்க வழியும் இல்லை. கேம்பேடுக்குள் இருக்கும் சிறு சில்லு எட்டு விடைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் அனுப்பும். திரையில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் மாறுகின்றன. ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறோம். ஃபிரேமுக்கு ஒரு தடவை கேம் இந்த எட்டு விடைகளையும் வாங்கிப் பார்த்து மரியோவை நகர்த்துகிறது.

2014-இல் வந்த ஷவல் நைட், 2018-இல் வந்த செலஸ்ட் போன்ற புதிய கேம்கள் பழைய தோற்றத்தை மட்டும் கடன் வாங்கவில்லை. இந்த ஆம்-இல்லை மொழியையும் எடுத்துக்கொண்டன. செலஸ்டில் நாயகி காற்றில் பாய்வதற்கு எட்டுத் திசைகள்தான் உண்டு. அவற்றுக்கு நடுவே ஒன்பதாவது கிடையாது. இப்படிப்பட்ட கேமுக்கு நுணுக்கமாக அளக்கும் கேம்பேடு தேவையில்லை. நாம் 'இல்லை' என்று வைத்திருக்கும் இடத்தில் தானாக 'ஆம்' சொல்லாத கேம்பேடு தேவை.

ஒரு தாவலின் கணக்கு

தாமதப் பிழையை முதலில் எடைபோட்டுவிடுவோம். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் திரையின் அகலம் 256 பிக்சல், அதாவது 256 ஒளிப்புள்ளிகள். ஒரு செங்கல் 16 பிக்சல். பி விசையை அழுத்திக்கொண்டு முழு வேகத்தில் ஓடும் மரியோ ஒரு ஃபிரேமுக்கு 2.5 பிக்சல் நகர்கிறார். வினாடிக்கு 150 பிக்சல். எதிரே ஒரு குழி. விளிம்புக்கு அரைச் செங்கல் தொலைவில், அதாவது 8 பிக்சல் மிச்சம் இருக்கையில் ஏ விசையை அழுத்துகிறோம். அந்த 8 பிக்சலைக் கடக்க மரியோவுக்கு 53 மில்லிவினாடி போதும். வழியில் எங்கெல்லாம் நேரம் போகிறது, அதில் கேம்பேடின் பங்கு எவ்வளவு?

யூஎஸ்பி வயரில் செருகிய கேம்பேடு தானாகப் பேசாது. கணினி குறித்த இடைவெளியில் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டால்தான் பதில் வரும். வினாடிக்கு 125 தடவை கேட்பது பரவலான ஏற்பாடு. 8 மில்லிவினாடிக்கு ஒரு தடவை என்பதால் நம் அழுத்தம் சராசரியாக 4 மில்லிவினாடி காத்திருக்கும். ஆயிரம் தடவை கேட்கும் கேம்பேடு என்றால் சராசரிக் காத்திருப்பு அரை மில்லிவினாடி. இந்த ஆயிரத்தைத்தான் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வித்தியாசம் 3.5 மில்லிவினாடி, மரியோ கணக்கில் அரை பிக்சல். செங்கல்லின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குதான். கேம் ஃபிரேமுக்கு ஒரு தடவையே பார்ப்பதால் இந்தச் சராசரி நடைமுறையில் வேறு வடிவம் எடுக்கும்: 125 தடவை கேட்கும் கேம்பேடில் நான்கு அழுத்தங்களில் ஒன்று ஒரு ஃபிரேம் தள்ளிப்போகலாம். அப்போதும் இழப்பு 2.5 பிக்சல்.

இதே தாவலில் திரையின் பங்கு எவ்வளவு? பழைய குழாய் டிவி சைகை வரவர வரைந்துகொண்டே போகும். இன்றைய டிவி படத்தை முதலில் வாங்கி வைத்து, மெருகேற்றி, பிறகு காட்டுகிறது. 'கேம் மோடு' போடாத சில டிவிகளில் இந்த ஒன்று மட்டுமே 50 மில்லிவினாடியைத் தாண்டும். நம்மிடம் இருந்த 53-ம் அத்தோடு தீர்ந்தது. பட அதிர்வைத் தவிர்க்கக் கணினி ஓரிரு ஃபிரேம்களைக் கையிருப்பில் வைத்துக்கொண்டால் அதற்கு இன்னும் 17, 33 மில்லிவினாடிகள். 'அழுத்தியும் குதிக்கவில்லை' என்பது தாமதத்தால் நேர்ந்திருந்தால், குற்றவாளியை முதலில் திரையில் தேட வேண்டும்.

ப்ளூடூத்? வயர் இல்லாத இணைப்பு இன்னும் சில மில்லிவினாடிகளைச் சேர்க்கும். அது மோசமில்லை. வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெருக்கியடிக்கும் வீட்டில் சில செய்திகள் வழியில் கெட்டு, மறுபடி அனுப்பப்படுவதுதான் தொல்லை. எப்போதும் ஒரே அளவு தாமதித்தால் கை பழகிவிடும். சற்று முன்னதாகவே அழுத்தக் கற்றுக்கொள்ளும். ஒரு தடவை சீக்கிரம், அடுத்த தடவை தாமதம் என்று மாறிக்கொண்டே இருந்தால் பழகவே முடியாது. அதனால் வயரைச் செருகும் வசதியும் உள்ள கேம்பேடாக வாங்குவது நல்லது. தாமதத்துக்காக இதற்கு மேல் பணம் செலவழிக்க வேண்டியதில்லை.

மன்னிக்கப்படும் பிழை

தாமதப் பிழைக்கு வேறு மருந்துகளும் உண்டு. செலஸ்டை உருவாக்கியவர்கள் நாயகியின் அசைவுகளுக்கான நிரலை வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் படித்தால், அவள் விளிம்பைத் தாண்டிக் காற்றில் கால் வைத்த பிறகும் 0.1 வினாடி வரை குதிக்க அனுமதி இருப்பது தெரிகிறது. ஃபிரேம் கணக்கில் ஆறு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே குதிக்கச் சொல்லி அழுத்திவிட்டாலும் அந்த அழுத்தத்தை நினைவில் வைத்திருந்து தொட்டதும் குதிக்கவைக்கிறது. ஆடுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பழைய கேம்களை ஓட்டும் எமுலேட்டர்களிலும் வழி இருக்கிறது: ரெட்ரோஆர்ச்சில் 2018-இல் சேர்த்த 'ரன்-அஹெட்' என்ற வசதி, கேமைத் திரைமறைவில் சில ஃபிரேம்கள் முன்னோக்கி ஓட்டிப் பார்த்து அந்த முடிவைக் காட்டுவதால், அசல் கேமுக்குள்ளேயே இருந்த தாமதமும் குறைந்துவிடுகிறது.

திசைப் பிழைக்கு இப்படி ஒரு மன்னிப்பு கிடையாது, கொடுப்பதும் கடினம். ஆறு ஃபிரேம் தாமதமாகக் குதித்தவர் குதிக்கவே விரும்பினார் என்று கேம் ஊகிக்கலாம். வலப்பக்கம் பாய நினைத்தவரின் கேம்பேடு 'வலமும் மேலும்' என்று சொல்லிவிட்டால், அவர் நிஜமாகவே மேல்-வலத்துக்குப் பாய விரும்பினாரா இல்லையா என்று கேமுக்கு எப்படித் தெரியும்? இரண்டுமே முறையான கட்டளைகள். கையும் இதற்குப் பழகாது. சில நேரம் மட்டும், கட்டைவிரல் சற்று நழுவும்போது மட்டும் நேரும் பிழை இது.

கட்டைவிரல் சரியும்போது

அதே மரியோவுக்குத் திரும்புவோம். வல விசையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். இடதுகைக் கட்டைவிரல் நேர்க்கோட்டில் நகர்வதில்லை. தன் அடிமூட்டைச் சுற்றி வில்லாக நகர்கிறது. பதற்றத்தில் விரல் சற்றுக் கீழே சரிகிறது. மட்டமான கேம்பேடு 'வலம்' என்பதோடு 'கீழ்' என்பதையும் சேர்த்து அனுப்புகிறது. மரியோ தரையில் இருக்கும்போது கீழும் வலமும் சேர்ந்து வந்தால் அந்தக் கேமின் நிரல் என்ன செய்கிறது தெரியுமா? இரண்டையும் அழித்துவிடுகிறது. எதுவுமே அழுத்தப்படாதது போல் மரியோ வேகம் குறையத் தொடங்குகிறார். எவ்வளவு உயரம் எழும்புவார் என்பது கிளம்பும் வேகத்தைப் பொறுத்தது. ஆக, குதிக்கும் விசையைச் சரியாக, சரியான நேரத்தில் அழுத்தியும் தாவல் குட்டையாகிறது. ஆடுகிறவர் வலது கையைச் சந்தேகிக்கிறார். தவறு இடது கைக்கு அடியில் நடந்திருக்கிறது.

அந்தத் தவறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க, கூட்டல் குறி வடிவத்தில் இருக்கும் அந்தத் துண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் டி-பேட் என்பதை இங்கே திசைக்கட்டை என்று சொல்லிக்கொள்வோம். நின்டெண்டோவின் குன்பே யோகோய் 1982-இல் டாங்கி காங் என்ற கையடக்க கேமுக்காக இதை வடிவமைத்தார். மடித்துப் பையில் போடும் கருவி அது. குச்சி வைத்தால் மடியாது. அதனால் ஒரே பிளாஸ்டிக் துண்டை நான்கு பக்கமும் சாயும்படி நடுவில் ஒரு சிறு முளையின் மேல் உட்காரவைத்தார். நான்கு கைகளுக்கும் கீழே ரப்பர் விரிப்பு. விரிப்பின் அடியில் கருநிறக் கார்பன் வில்லைகள். அவற்றுக்கும் கீழே மின்பலகையில் இரண்டிரண்டாகப் பிரிந்த தடங்கள். ஒரு கையை அழுத்தினால் ரப்பர் குழிந்து, வில்லை தடங்களைத் தொட்டு, மின்சாரம் பாய்கிறது. பூங்காவில் இருக்கும் சீ-சா பலகையைப் போல, ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் உயர்ந்தே ஆக வேண்டும். எனவே இடமும் வலமும் ஒரே நேரத்தில் சேர முடியாது. ஆனால் வலமும் கீழும் சேரலாம். சேரவும் வேண்டும், மூலைத் திசை அப்படித்தான் பிறக்கிறது.

எந்தக் கோணத்துக்கு மேல் விரல் சரிந்தால் இரண்டாவது வில்லையும் தொடும் என்பதுதான் எல்லாம். அதைத் தீர்மானிப்பவை முளையின் உயரம், ரப்பரின் விறைப்பு, வில்லையின் அகலம். முளை குட்டையாக இருந்தால் கட்டை மொத்தமாகக் கீழே அமிழ்ந்து, கேட்காத மூலைத் திசைகள் வந்துகொண்டே இருக்கும். அப்படியானால் முளையை மிக உயரமாக வைத்துவிடலாமே என்று தோன்றும். அப்போது கேட்ட மூலையும் வராது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் கீழ், கீழ்-வலம், வலம் என்று விரலை உருட்டிக் குத்து விசையை அழுத்தினால்தான் ரியூ என்ற வீரனின் கையிலிருந்து நெருப்புருண்டை பறக்கும். நடுவில் உள்ள மூலை விடுபட்டால் வெறும் குத்துதான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அளவுகளில் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் நல்ல திசைக்கட்டையின் வேலை. எந்த அட்டைப்பெட்டியிலும் இந்த அளவுகளைப் போடுவதில்லை.

காப்புரிமையும் வடிவங்களும்

இவ்வளவு எளிய துண்டை ஏன் எல்லோரும் சரியாகச் செய்யவில்லை? ஒரு காரணம் சட்டம். கூட்டல் குறி அமைப்புக்கு நின்டெண்டோ அமெரிக்காவில் வாங்கிய காப்புரிமை 2005 வரை உயிரோடு இருந்தது. மற்றவர்கள் சுற்றிப் போனார்கள். சோனி 1994-இல் பிளேஸ்டேஷனுக்காகச் செய்த கேம்பேடில் வெளியே பார்த்தால் நான்கு தனித்தனி விசைகள். உள்ளே அது ஒரே துண்டு. சேகா வட்டத் தட்டை எடுத்துக்கொண்டு, சாட்டர்ன் கேம்பேடில் அதை மிக உயர்ந்த தரத்துக்குக் கொண்டுபோனது. சண்டை கேம் ஆடுகிறவர்கள் இன்றும் அதை விரும்புகிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்குச் செய்த தட்டு இதற்கு நேர்மாறு. மற்ற எல்லாவற்றிலும் அருமையான அந்தக் கேம்பேடு, திசை விஷயத்தில் மட்டும் கேட்காததை அள்ளிக் கொடுத்தது. 2010-இல் தட்டைத் திருகினால் கூட்டல் குறி மேலெழும்பும் புதிய வடிவத்தை அந்த நிறுவனமே வெளியிட்டதை, பிரச்சினை நிஜம்தான் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக நின்டெண்டோ பெயரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் முடியாது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட ஸ்விட்ச் ப்ரோ கேம்பேடின் திசைக்கட்டையில் பக்கவாட்டில் அழுத்தினால் மேல்திசையும் சேர்ந்து வருகிறது என்று பலரும் குறைசொன்னார்கள். சிலர் கழற்றி, மின்பலகைத் தடங்களின் ஒரு பகுதியை மெல்லிய ஒட்டுநாடாவால் மூடிச் சரிசெய்துகொண்டார்கள். தொடும் பரப்பைச் சற்றுக் குறைத்தவுடன் கோளாறு தணிந்தது. வடிவவியல் மட்டுமே இதன் காரணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டாம்.

ஸ்டிக் இருக்கிறதே?

திசைக்கட்டை சரியில்லை என்றால் அனலாக் ஸ்டிக்கில் ஆடினால் போகிறது என்று ஒரு மறுப்பு வரும். ஸ்டிக் எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரம் சாய்ந்திருக்கிறது என்பதை எண்களாகச் சொல்லும் கருவி. எட்டுத் திசை கேம் அந்தச் செழுமையை எட்டுத் துண்டுகளாக வெட்டிவிட்டு, எந்தத் துண்டில் விழுந்தது என்று மட்டும் பார்க்கிறது. ஒரு துண்டு 45 பாகை. விரல் 22.5 பாகைக்கு மேல் விலகினால் அடுத்த திசை. வட்டமாக வழுக்கும் குச்சியில் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிவிக்க எதுவும் இல்லை. திசைக்கட்டையில் நான்கு கைகளின் விளிம்புகளும் தோலில் படுகின்றன.

திரும்பும் தூரமும் கூடுதல். ஸ்டிக் நடுவில் சும்மா இருக்கும்போதும் சற்று ஆடும் என்பதால், நடுவட்டத்துக்குள் வருவதைக் கணக்கில் எடுக்காமல் விடுவார்கள். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்இன்புட் முறையில் இடது ஸ்டிக்குக்குப் பரிந்துரைக்கும் அளவு 32767-க்கு 7849, கிட்டத்தட்ட கால்வாசி. இடப்பக்கக் கோடியில் இருந்து வலத்துக்குத் திருப்ப வேண்டுமானால் குச்சி சாய்ந்த தூரம் முழுவதும் திரும்பி வந்து, நடுவைக் கடந்து, இன்னும் கால்வாசி போக வேண்டும். மரியோவோ அதற்குள் பல பிக்சல்கள் தப்பான பக்கம் போயிருப்பார். தேய்மானம் இல்லாத காந்த உணரி வைத்த ஸ்டிக்குகள் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அவை தீர்ப்பது வேறு நோயை. ஸ்டிக்கில் செலஸ்டை அற்புதமாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்கள் எல்லையைக் கைப்பழக்கத்தால் கண்டுபிடித்தவர்கள். புதிதாக வாங்குகிறவர் அந்த உழைப்பைக் கேமுக்கே கொடுக்கலாம்.

மறுப்பின் வலுவான வடிவம் கீபோர்டு. மின்சார அளவில் பார்த்தால் கீபோர்டின் அம்புக்குறி விசைகள் எந்தத் திசைக்கட்டையையும்விடச் சுத்தமானவை. ஒன்று மற்றொன்றைத் தொடுவதே இல்லை. கேட்காத மூலைத் திசை வர வாய்ப்பில்லை. இந்த வாதத்தை முழுவதும் ஏற்கிறேன். மட்டமான கேம்பேடைவிட நல்ல கீபோர்டு மேல். இரண்டு குறைகள் உண்டு. விலை மலிந்த கீபோர்டுகளில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது, கம்பிகளைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பால், மூன்றாவது சில நேரம் பதிவாகாது. ஓடிக்கொண்டே குதித்துக்கொண்டே சுடும் கேமில் இது கொல்லும். இன்னொன்று, சீ-சா இல்லாததால் இடமும் வலமும் சேர்ந்து பதிவாகும்; அசல் கேம்கள் அதை எதிர்பார்த்து எழுதப்படவில்லை.

கையில் எடுத்துப் பார்ப்பது

வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர்களுக்கான சோதனைப் பக்கம் இருக்கிறது. எந்தத் திசை அழுத்தப்படுகிறது என்பதை அது அப்படியே காட்டும். வல விசையை அழுத்திப் பிடித்தபடி கட்டைவிரலை மேலும் கீழும் இலேசாக ஆட்டுங்கள். அம்பு வலத்திலேயே நிற்க வேண்டும். பிறகு வேண்டுமென்றே விரலை வட்டமாக உருட்டுங்கள். எட்டுத் திசையும் விடுபடாமல் வர வேண்டும். கேமுக்குள்ளேயே சோதிக்க கான்ட்ரா என்ற பழைய கேம் உதவும். கீழ் விசையை அழுத்தினால் வீரன் தரையோடு படுப்பான்; கீழும் வலமும் சேர்ந்தால் எழுந்து நடக்கத் தொடங்குவான். படுக்கவைத்துவிட்டு விரலைச் சற்றே ஆட்டும்போது அவன் எழுந்துவிட்டால், குண்டு மழையின் நடுவிலும் எழுவான்.

திசைக்கட்டை இருக்கும் இடத்தையும் பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் வகையில் இடதுகைக் கட்டைவிரல் இயல்பாக விழும் மேலிடத்தில் ஸ்டிக் உட்கார்ந்திருக்கும். திசைக்கட்டை அதற்குக் கீழே உள்தள்ளி இருக்கும். மணிக்கணக்கில் அங்கே விரலை மடக்கி வைத்திருந்தால் விரல் சரியத்தான் செய்யும். சோனியின் கேம்பேடுகளிலும், 1990-இன் சூப்பர் ஃபேமிகாம் வடிவத்தைப் பின்பற்றும் 8பிட்டூ எஸ்என்30 ப்ரோ போன்றவற்றிலும் திசைக்கட்டை மேலே இருக்கிறது. பழைய பாணி கேம்களுக்காக மட்டும் வாங்குகிறவருக்கு இந்த இரண்டாவது அமைப்பையே சொல்வேன்.

வலப்பக்க விசைகளுக்கு ஒரு விதி போதும். ஓடும் விசையைக் கட்டைவிரலின் நுனியால் பிடித்துக்கொண்டே அதே விரலின் நடுப்பகுதியால் குதிக்கும் விசையைத் தட்ட வேண்டும். வைர வடிவில் அமைந்த நான்கு விசைகளில் இடதையும் கீழதையும் இதற்கு ஒதுக்கினால் விரல் இயல்பாகக் குறுக்கே படுக்கும். சில எமுலேட்டர்கள் ஃபேமிகாம் கேம்களுக்குக் கீழதையும் வலதையும் ஒதுக்கி வைத்திருக்கும். அமைப்புகளில் போய் மாற்றிக்கொள்ளலாம். சண்டை கேம் பிரியர்கள் மூன்று குத்து, மூன்று உதை என ஆறு விசைகள் ஒரே முகத்தில் இருக்கும் சேகா வகையைப் பார்க்கலாம். கேம்பேடு எக்ஸ்இன்புட் முறையில் பேசினால் பெரும்பாலான கணினி கேம்கள் செருகியதும் அடையாளம் கண்டுகொள்ளும்.

இவ்வளவும் தட்டையான, பக்கவாட்டில் நகரும் கேம்களுக்குத்தான். 1996-இன் சூப்பர் மரியோ 64 போன்ற முப்பரிமாண கேம்களையும் பழையவை என்றே இன்று அழைக்கிறோம். அங்கே மரியோ மெல்ல நடப்பதா ஓடுவதா என்பதையே ஸ்டிக்கின் சாய்வுதான் தீர்மானிக்கிறது. இரண்டும் ஆடுகிறவர் திசைக்கட்டை மேலே, ஸ்டிக் கீழே உள்ள கேம்பேடை எடுத்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் ரப்பர் விரிப்பு காலப்போக்கில் தளரும், முளையும் தேயும். முதல் நாள் தேறிய கேம்பேடு சில ஆண்டுகளில் கான்ட்ரா சோதனையில் தோற்கலாம். அப்போது கேம்பேடையே தூக்கிப் போட வேண்டியதில்லை. பல மாடல்களுக்கு ரப்பர் விரிப்பு மட்டும் தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் பின்மூடியைக் கழற்றி மாற்றிவிட்டு, மறுபடி அந்த வீரனைத் தரையில் படுக்கவைத்துச் சோதித்துக்கொள்ளலாம்.